அப்பாவின் பரிசல்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று ஆசிரியர் குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவிதைக்கு ஏற்கெனவே பெரிய வரிசை நிற்கிறது என்றார்கள். சரி, என் மனதில் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானாலும் திட்டுங்கள்.

முதலாண்டில் ஒருநாள் ராத்திரி. ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. ரூம்மேட் ஒருவனின் செல்போனைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் ஏதோ ஒரு நீர்த்தேக்கம். நல்ல கோடை. ஓர் ஆள் 'கயாக்' என்கிற ஒற்றையாள் படகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். மாட்டுகிற மீனுக்குப் பெயர் 'பாஸ்'. அகன்ற வாய், பச்சை முதுகு. பிடித்ததும் அளவு பார்த்து, போட்டோ எடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்!

"செம லைஃப்டா மச்சான்!" என்றான் ஒருவன். "அந்தப் படகே சிலது லட்ச ரூபாய்க்கு மேல வருமாம்டா" என்றான் இன்னொருவன். "வெயில் ஏறிட்டா மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடுமாம். அதனால விடியறதுக்கு முன்னாடியே போயிடறாங்களாம். என்னா மூளைடா அவனுங்களுக்கு!"

நான் மட்டும் வாயே திறக்கவில்லை. அந்த மூளை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. என் அப்பா மேட்டூர் அணையில் பரிசலில் போய் மீன் பிடிக்கிறவர். தாத்தாவும் அதே தொழில். அவருடைய அப்பாவும் அதேதான். ஆனால், கல்லூரியில் சேரும்போது கொடுத்த படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'விவசாயம்'. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது நண்பர்களே!

ஏன் அப்படி எழுதினேன்? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் காரணம். சின்ன விஷயம். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மேட்டூர் அணையைப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். 1925-இல் கட்ட ஆரம்பித்து 1934-இல் முடித்தார்கள். அன்றைய சென்னை மாகாண கவர்னர் பெயரால் அதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; நீர்மட்டம் 120 அடி. டெல்டா விவசாயிகள் தினமும் பேப்பரில் பார்க்கிற நம்பர் அந்த நீர்மட்டம்தான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும், இரட்டைக் கோபுர மாதா கோயிலும் வெளியே தெரியும். வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கோ, நந்தி தலையைக் காட்டினால் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

2024 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வருஷம். அந்த மே மாதத் தொடக்கத்தில் நான் ஊரில் இருந்தேன். அணையின் நீர்மட்டம் 60 அடிக்கும் கீழே போயிருந்தது. எப்போதும் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் வெடித்த களிமண் தரை. தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, மீனவர்களும் கொட்டாயைப் பிரித்துக்கொண்டு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்பாவோடு எப்போதும் பரிசலில் போகிற மாமா, மீன் சரியாகப் படாததால் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அப்பா தனியாகப் போகத் தொடங்கியிருந்தார். அம்மாதான் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு, நீ இருக்கிற வரைக்குமாவது அப்பாகூட போயிட்டு வாடா. ராத்திரியில தனியா போறாரு. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

வேண்டா வெறுப்பாகத்தான் போனேன்.

பரிசலை நீங்கள் ஒகேனக்கலில் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பிளாச்சுகளைக் கூடை மாதிரிப் பின்னி, அடியில் சாக்கைப் போர்த்தித் தார் பூசியிருப்பார்கள். எங்களுடையது ஏழடி அகலம். அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. கயாக் ஊசி மாதிரி நீளமாக இருப்பதால் துடுப்பு போட்டால் நேராகப் போகும். பரிசலில் உட்கார்ந்து ஒரு பக்கம் துடுப்பு போட்டுப் பாருங்கள்... இருந்த இடத்திலேயே பம்பரம் மாதிரிச் சுற்றும்! ஒரு பக்கத்தில் விசை கொடுத்தால் திருப்புத்திறன் வரும் என்று நாம் மெக்கானிக்ஸில் படித்ததுதான். அந்தப் பேப்பரில் எனக்கு 71 மார்க். பரிசலில் எனக்கு ஜீரோ!

அப்பா சிரித்தார். "பக்கத்துல போடாதடா. போற திசைக்கு முன்னால உக்காரு. துடுப்ப முன்னாடி நீட்டி, தண்ணிய உன் பக்கமா இழு. தண்ணியத் தள்ளாத, இழு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. உன் மூஞ்சி எங்க பாக்குதோ அங்கதான் பரிசல் போவும்."

மூன்று நாள் ஆனது கொஞ்சமாவது நேராகப் போவதற்கு. உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போய் வலை விடுவோம். ஒரு முனையில் கல், மேலே மிதப்புக்குத் தெர்மாகோல் துண்டு, காலி பாட்டில். நரம்பு வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். பகலில் மீனுக்கு வலை கண்ணில் பட்டுவிடும். இருட்டில் தெரியாமல் வந்து தலையை விடும், செவுள் மாட்டிக்கொள்ளும். வலைக்கண்ணின் அளவுக்குத் தகுந்த மீன்தான் மாட்டும். சின்னது புகுந்து போய்விடும், ரொம்பப் பெரியது முட்டித் திரும்பிவிடும். விடியற்காலை நாலு மணிக்குப் போய் வலையைத் தூக்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி... சில நாள் ஒரு பெரிய வாளை.

ஒருநாள் நான் அப்பாவிடம் கேட்டேன், வெயில் காலத்தில் மீன் ஏன் விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று. "அதுக்கும் மூச்சு முட்டுதுடா" என்றார். அதை நம் பாஷையில் சொன்னால் இதுதான்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையும் கூடும், கிடைப்பதும் குறையும். ராத்திரியில் பாசி ஆக்ஸிஜன் தயாரிக்காது, இழுத்துக்கொள்ளும். அதனால் விடிகிற நேரம்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவு. பகலில் மேல்தண்ணீர் கொதிக்கும், மீன் குளிர்ச்சி தேடிக் கீழே இறங்கும். அமெரிக்காவில் பாஸ் மீன் செய்வதும் இதைத்தான், மேட்டூரில் கட்லா செய்வதும் இதைத்தான். அந்தக் கயாக்காரரும் என் அப்பாவும் விடியலுக்கு முன் போவது ஒரே காரணத்துக்குத்தான். என்ன, அவர் மீனை அளந்து விட்டுவிடுவார். நாங்கள் எடை போட்டு விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஐந்தாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஆழமான பக்கம் வலை விட்டிருந்தோம். காலையில் தூக்கும்போது நாலு துண்டு சுலபமாக வந்துவிட்டது. ஐந்தாவது துண்டு வரவில்லை. கீழே எந்தக் காலத்து மரக்கட்டையோ, பாறையோ, பிடித்துக்கொண்டது. அப்பா இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார். பரிசலைச் சுற்றிக் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் நின்று இழுத்தார். அசையவில்லை.

"அறுத்துடலாம்ப்பா" என்றேன்.

"போன மாசம் வாங்குன வலைடா. இன்னும் கடனே அடையல."

எனக்குத் தெரியும். வலைக்கு முன்பணம் கொடுத்தவரிடம்தான் மீனைப் போட வேண்டும். அவர் எடையில் கழிப்பது ஒன்று, கடனில் கழிப்பது ஒன்று. ஒரு துண்டு போனால் ஒரு மாதம் பின்னால் போய்விடுவோம்.

ஏழு மணி ஆனது. எட்டு ஆனது. அப்பா தண்ணீரில் இறங்கி முங்கிப் பார்த்தார். ஒரு முனையை விடுவித்துவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி முங்கினார். தார் பூசிய பரிசல் கொதிக்க ஆரம்பித்தது. மேலே சூரியன், கீழே தண்ணீரில் இன்னொரு சூரியன். கொண்டுபோன ஒரு பாட்டில் குடிதண்ணீர் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், நிழல் என்று ஒரு கையகலம் கிடையாது.

பத்தரை மணி இருக்கும். அப்பா பரிசலில் ஏறி உட்கார்ந்தார். தொடையைப் பிடித்துக்கொண்டு, "கால இழுக்குதுடா" என்றார். பிறகு வாந்தி எடுத்தார். நான் பயந்துபோய், "போலாம்ப்பா, நாளைக்கு மாமாவை வரச்சொல்லிப் பாத்துக்கலாம்" என்றேன். "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று வலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"மச்சான், அந்தக் கல்ல எடு."

அவர் என்னை மாமா என்று நினைத்துப் பேசினார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது.

பரிசலில் மீன் கத்தி எப்போதும் இருக்கும். எடுத்தேன். வலையை அறுத்தேன். ஐந்தாவது துண்டும் அதோடு கட்டியிருந்த ஆறாவது துண்டும் தண்ணீருக்குள் போயின. அப்பா "டேய்... டேய்..." என்று கையை நீட்டினார். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டார்.

கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல். அவருடைய துண்டைத் தண்ணீரில் நனைத்து தலையிலும் மார்பிலும் போட்டேன். முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். பதற்றத்தில் முதலில் தள்ள ஆரம்பித்தேன், பரிசல் சுற்றியது! ஒரு சுற்று, இரண்டு சுற்று... அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் சொன்னது காதில் கேட்டது. தள்ளாத, இழு. உன் மூஞ்சி எங்க பாக்குதோ...

கரையில் தெரிந்த எங்கள் கொட்டாயின் கூரையை மட்டும் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஐம்பது எண்ணியதும் துண்டை மறுபடி நனைப்பேன். மறுபடி எண்ணுவேன். எத்தனை ஐம்பது என்று ஞாபகம் இல்லை. கொப்புளம் உடைந்து துடுப்பில் ரத்தம் ஒட்டியது பிறகுதான் தெரிந்தது.

கரை நெருங்கும்போது கத்தினேன். கொட்டாயில் இருந்தவர்கள் ஓடிவந்து அப்பாவைத் தூக்கினார்கள். மீன் எடுக்க வந்த டாடா ஏஸ் வண்டி ஒன்று நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் அந்தக் களிமண்ணில் இறங்கி வருவதற்குள் நேரமாகிவிடும் என்று அதிலேயே ஏற்றினோம். வண்டியில் மீனுக்கான ஐஸ் பெட்டி இருந்தது. பெரியவர் ஒருவர் ஐஸை உடைத்துத் துணியில் கட்டி, அப்பாவின் கழுத்திலும் இரண்டு அக்குளிலும் வைத்தார். "வாயில தண்ணி ஊத்தாத, நினைவு இல்ல, பொரையேறிடும்" என்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். மீன் பெட்டிகளுக்கு நடுவில் அப்பா கிடந்தார். நான் துண்டால் விசிறிக்கொண்டே போனேன். வண்டி முழுக்க மீன் வாடை. அந்த ஐஸிலும் அதே வாடைதான். என் வாழ்க்கையில் அந்த வாடையை நான் வெறுக்காத முதல் நாள் அது.

அரசு மருத்துவமனையில் டிரிப் ஏற்றினார்கள். "ஐஸ் வெச்சது நல்ல வேலை. இன்னும் அரை மணி நேரம் லேட்டாயிருந்தா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சாயங்காலம் அப்பா கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "வலை?"

"அறுத்துட்டேன்ப்பா. ரெண்டு துண்டு போச்சு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதுவும் பேசவில்லை.

நண்பர்களே, இதுவரைக்கும் சொன்னது நடந்த கதை. உறுத்துகிறது என்று சொன்னேனே, அது இனிமேல்தான்.

தமிழ்நாடு மீனவர் நல வாரியம் என்று ஒன்று 2007-இல் இருந்து இருக்கிறது. அதில் உறுப்பினராக இருப்பவர்களின் பிள்ளைகள் படிக்க உதவித்தொகை உண்டு; பாலிடெக்னிக்குக்கும் உண்டு. அப்பாவிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறது. நான் சேர்ந்த முதல் மாதமே, "காலேஜ்ல படிக்கிறன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாடா, எழுதிப் போடலாம்" என்றார். வாங்கப் போனால் எதற்கு என்று ஆபீஸில் கேட்பார்கள். நான் மீனவன் மகன் என்று தெரிந்துவிடும். அதனால் நான் கேட்கவே இல்லை. "குடுக்க மாட்டேங்கறாங்கப்பா" என்று ஒரு பொய் சொன்னேன். அவரும் நம்பி விட்டுவிட்டார். என் ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் அவர் கையில் இருந்ததைக் கட்டினார். வலைக்குக் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்காகத்தான் அன்று அந்த வெயிலில் வலையை விடமாட்டேன் என்றார்.

என்னுடைய ஒரு பொய் அவரை அந்தப் பரிசலில் பத்தரை மணி வரை உட்கார வைத்தது. இதை நான் யார்மேல் போட முடியும்?

இரண்டாம் நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிவத்தில் விவசாயம் என்று எழுதியதையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் கட்டுன ஃபீஸு மீன் வித்த காசுதான்டா. அது மட்டும் வாடை அடிக்கலியா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

நான் அழுததைப் பார்த்து, "சரி விடு, போய்ப் படு" என்றார். அவ்வளவுதான். வலையை அறுத்தது சரி என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. ஆனால் துறையில் எல்லோரிடமும், "பெரிய தண்ணியில என் பையன் ஒண்டியா பரிசல் போட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று அம்மா சொன்னாள்.

அந்த ஜூலையிலேயே கர்நாடகத்தில் மழை கொட்டி, மாதக் கடைசியில் அணை 120 அடி நிரம்பியது. எங்கள் இரண்டு துண்டு வலை, நந்தி, மாதா கோயில் எல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டன. நான் கல்லூரி ஆபீஸுக்குப் போய், தொழில் என்ற கட்டத்தைத் திருத்திக் கொடுத்தேன். எதற்கு சர்டிபிகேட் என்று கேட்டார்கள். "மீனவர் நல வாரியத்துக்கு சார்" என்றேன். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. "சீக்கிரம் குடுப்பா, கடைசித் தேதி போயிடப் போவுது" என்றுதான் சொன்னார் அந்த சார். ஒரு வருஷம் நான் பயந்தது இதற்குத்தானா!

இரண்டாமாண்டில் உதவித்தொகை வந்தது. பெரிய தொகை இல்லை. மாமாவும் திருப்பூரிலிருந்து திரும்பிவிட்டார். வெயில் காலத்தில் எட்டு மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும், ஐந்து லிட்டர் கேன் தண்ணீர், ஒரு உப்புக்கரைசல் பாக்கெட், இரண்டு லைஃப் ஜாக்கெட் பரிசலில் இருக்க வேண்டும் என்று நான் போட்ட சட்டத்தை அப்பா முக்கால்வாசி கடைப்பிடிக்கிறார்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒர்க்‌ஷாப்பிலோ, சைட்டிலோ, வயலிலோ வெயிலில் வேலை செய்கிறவர் காலை இழுக்கிறது, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், நினைவோடு இருந்தால் உப்புக்கரைசல் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆள் மாறிப் பேசினால், உடம்பை நனைத்து, விசிறி, 108-க்குப் போன் போடுங்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள்.

போன மாதம் ஹாஸ்டலில் ஜூனியர் பையன்கள் அதே மாதிரி கயாக் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க அப்பாவும் இதாண்டா பண்றாரு, பரிசல்ல" என்றேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்கள். இந்தக் கோடையில் நாலு பேர் ஊருக்கு வருகிறார்கள். நீங்களும் வாங்க. பரிசலில் ஏற்றுகிறேன், நேராகவே போவேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை